தனியே விழுந்த சிவப்புச் சில்லு

அந்தக் காலத்தில் காகத்துக்குக் 'கா' என்பதைத் தவிர வேறு சொற்களும் தெரிந்திருந்தன. கொக்கும் பேசும். ஆனால் அது யோசித்து யோசித்து ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரே நிற்கிறவருக்கு வயதாகிவிடும். இதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதிக் கதையில் 'அதெப்படி?' என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பெரிய கண்மாய் இருந்தது. அதன் கரையில் கூடு கட்ட லாயக்கான மரம் என்று பார்த்தால் ஒரே ஒரு மருதமரம்தான். மற்றதெல்லாம் முள்ளும் கோரையும். அந்த மரம் யாருக்கு என்று காகங்களுக்கும் கொக்குகளுக்கும் வருஷா வருஷம் சண்டை. ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் கூடு கட்டியாக வேண்டும். காகங்கள் அப்போதெல்லாம் ஐப்பசிக் கூடுதான் கட்டும். இப்போது ஏன் வெயில் காலத்தில் கட்டுகின்றன என்றால் அதற்கும் இந்தக் கதைதான் காரணம், பொறுங்கள்.

காகங்களுக்குத் தலைவி கருமாயி. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். கொக்குகளுக்குப் பெரியவர் வெள்ளக்கண்ணு. ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று அவர் வீட்டு ஆட்களுக்கே தெரியாது.

இரண்டு பேரும் கொத்திக் கொத்தி இறகு கொட்டிப்போன ஒரு வருஷம், கருமாயிதான் முதலில் அலுத்துப்போனாள்.

"யோவ், இப்படியே போனா மரம் இருக்கும், உக்கார நம்ம ரெண்டு கூட்டமும் இருக்காது. ஒரு ஆட்டம் வச்சுத் தீத்துக்குவோம். ஜெயிச்சவுகளுக்கு மரம். தோத்தவுக அக்கரைக்குப் போயிரணும். சரியா?"

வெள்ளக்கண்ணு நெடுநேரம் கழித்துச் "சரி" என்றார்.

மரத்துக்கு எதிரே ஒரு சதுரப் பாறை கிடந்தது. ஊர்க்காரர்கள் துணி துவைத்துத் துவைத்து அதை வழவழவென்று ஆக்கியிருந்தார்கள். எப்போதோ ஒரு திருவிழாவுக்குப் பந்தல்கால் நட நான்கு மூலையிலும் நான்கு குழி தோண்டியிருந்தார்கள். அந்தப் பாறையில்தான் ஆட்டம். காகங்கள் கரிப்பிடித்த பானை ஓட்டை உடைத்து ஒன்பது கறுப்புச் சில்லு செய்துகொண்டன. கொக்குகள் கிளிஞ்சலைக் கொத்தி ஒன்பது வெள்ளைச் சில்லு செய்தன. ஒரு தட்டையான கூழாங்கல்லைக் கால் நகத்தால் சுண்டி, தன் நிறச் சில்லைக் குழியில் தள்ள வேண்டும். ஒரு சில்லுக்கு ஒன்று, ஒன்பதும் விழுந்தால் எடுத்து மறுபடி அடுக்கிக்கொள்ள வேண்டும். யார் முதலில் நூறு சேர்க்கிறார்களோ அவர்களுக்கு மரம். வழுக்குவதற்காகப் புற்றுமண்ணைப் பொடித்துப் பாறையில் தூவிக்கொண்டார்கள். இப்போது நீங்கள் பவுடர் தூவுகிறீர்களே, அதேதான்.

எல்லாம் சரி. எண்ணுவது யார்?

"விழுந்த ஒவ்வொண்ணுக்கும் ஒரு கல் எடுத்துக் குவிச்சு வைப்போம்" என்றார் வெள்ளக்கண்ணு. சொல்லிவிட்டு அவரே, "வேண்டாம். காக்கா இருக்கிற இடத்துல ஒரு பொருள் மறுநாள் இருக்குமா?" என்றார்.

"ஆமாமா, நாங்க களவாணிக. நீங்க உத்தமருக. சேத்துல கோடு கீறி வைப்போமா? உங்க ஆளுக மீன் பாக்குறேன்னு அது மேலயே நடப்பாக" என்றாள் கருமாயி.

மறுபடியும் சண்டை வரும்போல் இருந்தது. அப்போதுதான் பாறைக்குப் பக்கத்துக் காரைப் புதரிலிருந்து ஒருத்தி தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் செவத்தி. செம்போத்துப் பறவை.

செம்போத்தைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு காக்கைக் கறுப்பு, இறக்கை மட்டும் செம்பு நிறம். உயரப் பறக்க வராது, தரையில் நடந்துதான் பிழைப்பு. காகங்கள் அவள் இறக்கையைப் பார்த்து, நம்ம ஆள் இல்லை என்று ஒதுக்கின. கொக்குகள் உடம்பைப் பார்த்து ஒதுக்கின. அவளுடைய ஆள் முந்தின கோடையில் தண்ணீர் தேடி அக்கரைக்குப் போனவன், திரும்பவில்லை. செத்தானா, வேறு இடம் பார்த்துக்கொண்டானா, சொல்ல ஆள் இல்லை. அன்றிலிருந்து அந்தப் புதரில் அவள் ஒருத்திதான். காலையில் எழுந்து பூச்சி பொறுக்குவாள், மத்தியானம் நிழலில் நிற்பாள், சாயங்காலம் புதருக்குள் போவாள். முழுசாக ஒரு மாதம் போய்விடும், வாயைத் திறக்க ஒரு வேலை வராது. தன் குரல் எப்படி இருக்கும் என்பதே சமயத்தில் அவளுக்கு மறந்துபோகும். மனுஷருக்கு மட்டும்தான் இதெல்லாம் வலிக்கும் என்று நினைக்காதீர்கள்.

கருமாயி அவளைப் பார்த்ததும் சிறகைத் தட்டினாள்.

"இந்தா இருக்காளே! ஏ புள்ள செவத்தி, நீ எண்ணு. உனக்குத்தான் யாருமே இல்லையே. நீ யார் பக்கமும் சாய மாட்டே."

வெள்ளக்கண்ணும் அதற்கு ஒப்புக்கொண்டார். யாரும் இல்லாதவள்தான் பொதுவானவள் என்று இரண்டு கூட்டமும் தலையாட்டின. இப்படி ஒரு சொல்லை முகத்துக்கு நேரே சொன்னால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும். செவத்திக்கும் இருந்தது. ஆனால் அவள் அதை விழுங்கிக்கொண்டு, "சரிக்கா, எண்ணுறேன்" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் மற்றது பின்னுக்குப் போய்விட்டது.

ஆனி மாதத்தில் ஆட்டம் தொடங்கியது. வெயில் தாழ்ந்ததும் பாறையைச் சுற்றி இரண்டு கூட்டமும் வந்து உட்காரும். இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை. ஆடுவது கருமாயியும் வெள்ளக்கண்ணும். பறவைக் கால் நகம்தானே, உங்களைப் போல ஒரே மூச்சில் எட்டுக் காய் தள்ள முடியாது. ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு விழுந்தால் பெரிய காரியம். சில்லு குழியில் விழும்போதெல்லாம் கருமாயி கேட்பாள்.

"ஏ செவத்தி, எம்புட்டு?"

"உங்களுக்குப் பதினேழுக்கா. அண்ணனுக்குப் பதினாலு."

இதுதான் பேச்சு. இதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் அவளிடம் பேசியதில்லை. 'சாப்பிட்டாயா', 'உன் ஆளைப் பற்றித் தகவல் உண்டா', ஊஹும். எம்புட்டு, அவ்வளவுதான். ஆனால் அந்த எம்புட்டைக் கேட்க அவள் காலையிலேயே தயாராகிவிடுவாள். மத்தியானம் புதருக்குள் உட்கார்ந்து, பதினேழு, பதினாலு என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். சாயங்காலம் குரல் தடுமாறிவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை.

கூட்டம் கூச்சல் போடும்போது அவளும் போடுவாள். ஒரு நாள் வெள்ளக்கண்ணு சுண்டிய கூழாங்கல் பாறையை விட்டுப் பறந்து ஒரு கிழட்டுக் கொக்கின் மண்டையில் பட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவத்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த ஒரு காக்கைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் சிரித்த முகத்தோடு இவளைப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. அதை நினைத்து நினைத்து அவள் மூன்று நாள் ஓட்டினாள்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. காகங்களுக்குத் தொண்ணூற்றெட்டு. கொக்குகளுக்கு எண்பத்தொன்று.

அன்று காலை பூச்சி பொறுக்கும்போதுதான் செவத்திக்கு அது உறைத்தது. இன்றோ நாளையோ ஆட்டம் முடிந்துவிடும். காகங்கள் மரத்துக்கு ஏறிவிடும். கொக்குகள் மூட்டை கட்டி அக்கரைக்குப் போய்விடும். பாறையில் புற்றுமண் தூவ யாரும் வரப் போவதில்லை. எம்புட்டு என்று கேட்க ஒரு குரல் இருக்காது. அலகில் இருந்த பூச்சியை அவள் கீழே போட்டாள். பசி கூட எடுக்கவில்லை.

சாயங்காலம் கருமாயி அபாரமாக ஆடினாள். ஒரே சுண்டில் இரண்டு விழுந்தது, அதோடு ஒட்டி மூன்றாவதும் விழுந்தது. நூற்று ஒன்று. மரம் காகங்களுக்கு.

"ஏ செவத்தி, எம்புட்டு?"

செவத்தி சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"தொண்ணூத்தி ஒண்ணுக்கா."

கருமாயி தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அம்புட்டுத்தானா? இன்னும் சாஸ்தியா இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். காக்கைக்குப் பத்துக்கு மேல் பொறுமை கிடையாது, எண்ணிப் பார்க்க மாட்டாள், நேற்றுச் சொன்ன எண்ணும் அவள் மனசில் நிற்காது. வெள்ளக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "சரி, நாளைக்குப் பாத்துக்குவோம்" என்று எல்லோரும் கலைந்து போனார்கள்.

நாளைக்கு என்று அவர்கள் சொன்னது செவத்தியின் காதில் தேனாய் விழுந்தது. ஒரே ஒரு நாள் என்றுதான் அவளும் நினைத்தாள். ஐந்தாறு நாள் போகட்டும், பிறகு சரியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இந்த மாதிரி நினைப்பு யாரை விட்டது? காகம் தொண்ணூற்றைந்தைத் தொட்டால் எண்பத்தெட்டு என்பாள். கொக்கு முந்தினால் கொக்குக்குக் குறைப்பாள். ஆவணி போனது, புரட்டாசி போனது. ஆட்டம் முடியவில்லை.

முடியாத ஆட்டத்துக்கு மரத்தில் யார் கூடு கட்ட முடியும்? ஜெயித்தவர்தானே கட்ட வேண்டும். அதனால் மருதமரம் பெரிய பெரிய கிளைகளோடு காலியாக நின்றது. கொக்குகள் கோரைக்குள் குச்சியைப் பரப்பிக்கொண்டு தற்காலிகமாக இருந்தன. கருமாயிக்கு முட்டையிடும் நாள் வந்துவிட்டது. அவள் என்ன செய்வாள்? கரையோரத்துக் கருவேல முள்ளில், தாழ்வான ஒரு கிளையில், நான்கு சுள்ளியை வைத்து ஒப்புக்கு ஒரு கூடு கட்டி மூன்று முட்டை வைத்தாள்.

செவத்தி தினமும் அந்த முள்ளைத் தாண்டித்தான் பூச்சிக்குப் போவாள். கிளை தாழ்வாக இருந்ததால் முட்டைகள் கண்ணுக்குத் தெரியும். மூன்று. போகும்போது மூன்று, வரும்போது மூன்று. வானத்தையும் பார்ப்பாள். வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் நினைப்பாள். சாயங்காலம் பாறையைச் சுற்றி எல்லோரும் நெருக்கி உட்கார்ந்ததும், இன்னும் ஒரு நாள் என்று தோன்றும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபம்.

ஐப்பசி நான்காம் நாள் மத்தியானம் வானம் கிழிந்தது. சாதாரண மழை இல்லை. காற்றும் சேர்ந்துகொண்டு கோரையை வேரோடு சாய்த்தது. கண்மாய் ஒரு பொழுதுக்குள் ஒரு ஆள் உயரம் ஏறியது. கொக்குகளின் குச்சிப் பரப்பெல்லாம் மிதந்து போனது. செவத்தி காரைப் புதருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கருவேல முள் தெரியும். கிளை தண்ணீரில் முங்கி எழுந்ததைப் பார்த்தாள். இரண்டாவது முறை முங்கியது எழவில்லை. கருமாயி அதற்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் என்ன கத்தினாள் என்று கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. பாறைக்கு யாரும் வரவில்லை. வெகுநேரம் கழித்துக் கருமாயி மட்டும் வந்தாள். இறகெல்லாம் சேறு. வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். புற்றுமண் இல்லை, எதிரே ஆட வெள்ளக்கண்ணும் இல்லை.

"ஏ செவத்தி, எம்புட்டு?"

செவத்தி புதரை விட்டு வெளியே வந்து நின்றாள்.

"சொல்லு புள்ள. இன்னும் எத்தனை வேணும் எனக்கு? நாளைக்கே முடிச்சிடுறேன். ராத்திரி பகலா ஆடுறேன். அந்த மரத்துக்குப் போயிட்டா அடுத்து வைக்கிறதாவது..."

கருமாயியால் அதை முடிக்க முடியவில்லை. அந்த வாயாடி வாய் அப்படி நின்றதை அந்தக் கரையில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போதும் கூட ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. தொண்ணூற்று நாலு என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. செவத்தி அதை விழுங்கினாள்.

"அக்கா, நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"என்னது?"

"ஆவணி ஒன்பதாம் தேதியே ஜெயிச்சிட்டீங்க. நூத்தி ஒண்ணு. நான்தான் குறைச்சுச் சொன்னேன்."

கருமாயிக்கு முதலில் விளங்கவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். "ஆவணியிலயா?" என்றாள். பிறகு, "அப்ப நான் மரத்துல இருந்திருப்பேனே" என்றாள். "ஏன்டி? கொக்கு உனக்கு மீன் குடுத்துச்சா?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலக்கா. ஆட்டம் முடிஞ்சா நீங்க யாரும் வர மாட்டீங்க. அதான்."

"அதுக்காகவா?"

"அதுக்காகத்தான்."

கருமாயி எழுந்து வந்து அவள் தலையில் ஒரு கொத்துக் கொத்தினாள். செவத்தி ஒதுங்கவில்லை, இன்னும் நாலு கொத்துக் கொத்தட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கண்ணைத் திறந்தபோது எதிரே யாரும் இல்லை. செம்போத்தின் கண் அப்படிச் சிவந்து கிடக்கிறதே, அது அன்று அழுது சிவந்தது என்பார்கள். இருக்கலாம்.

செய்தி கரை முழுக்கப் பரவியது. ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஆனால் அடுத்த மழை தலைக்கு மேலே கட்டி நிற்கும்போது எத்தனை நேரம் கொதிப்பது? கருமாயியும் வெள்ளக்கண்ணும் ஒரு நாழிகை பேசினார்கள். மேல் கிளை காகத்துக்கு, கீழ்க் கிளை கொக்குக்கு என்று முடிந்துவிட்டது. நாலு மாதம் ஆடித் தீராதது ஒரு நாழிகையில் தீர்ந்தது. அந்த வருஷம் பட்டது போதும் என்று காகங்கள் அதற்குப் பிறகு கூடு கட்டுவதை வெயில் காலத்துக்கு மாற்றிக்கொண்டன.

செவத்தியை யாரும் விரட்டவில்லை, வைது தீர்க்கவுமில்லை. வைதிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அவள் வந்து உட்கார்ந்தால் அந்த இடத்திலிருந்து எல்லோரும் எழுந்து போனார்கள். அன்று அவளோடு சிரித்த காக்கைப் பெண் கூடக் குனிந்துகொண்டு போனது. முன்னே தனியாக இருந்தபோது அவளுக்குத் தன் மேல் ஒரு குறையும் தெரியாது. இப்போது தனிமையோடு குற்றமும் சேர்ந்து உட்கார்ந்துகொண்டது. அது ரொம்பக் கொடுமை.

தை பிறந்து வெயில் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் வெள்ளக்கண்ணு பாறைக்கு வந்து சும்மா நின்றார். கொஞ்ச நேரத்தில் கருமாயியும் வந்தாள். நமக்குக் கை அரிக்கும் என்போமே, அவர்களுக்குக் கால் அரித்தது. ஜெயிக்க மரம் இல்லாவிட்டாலும் சுண்டாமல் இருக்க முடியவில்லை.

"ஆடலாம். ஆனா எண்ண ஆள் வேண்டாம்" என்றாள் கருமாயி. புதர் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

"ஆள் இல்லாம எப்படி?"

"ஒருத்தரு ஒன்பதையும் போட்டு முடிச்சதும் ஆட்டத்தை நிறுத்திப்புடணும். எதிராளி சில்லு பாறையில எத்தனை மிச்சம் கிடக்கோ, ஜெயிச்சவுகளுக்கு அத்தனை. கண்ணு முன்னால கிடக்குறதை ரெண்டு பேரும் பாக்கலாம்ல? எவ நெனப்பையும் நம்ப வேண்டியதில்ல."

வெள்ளக்கண்ணுக்கு அது பிடித்துப்போனது. அப்படியே ஆடினார்கள். புதருக்குள் இருந்த செவத்திக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. இனிமேல் எம்புட்டு என்று கேட்கவும் யாருக்கும் அவசியம் இல்லை. அவள் அப்படியே தரையில் படுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து எழுந்து ஊர்ப் பக்கம் நடந்தாள். ஒரு செங்கல் துண்டைக் கவ்விக்கொண்டு வந்து அதைக் கல்லில் இழைக்கத் தொடங்கினாள். வளைந்த அலகு, பிடி நிற்காது. இழைத்து இழைத்து அலகு தேய்ந்தது. பதினைந்து நாள் ஆனது. கடைசியில் ஒரு சிவப்புச் சில்லு, மற்றச் சில்லுகளை விட அழகான வட்டம். ஒரு மத்தியானம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதைப் பாறையின் நட்ட நடுவில் வைத்துவிட்டுப் புதருக்குள் ஓடிவிட்டாள். தன்னுடையது ஒன்றாவது அங்கே அவர்களோடு இருக்கட்டும் என்று அவளுக்கு ஆசை.

சாயங்காலம் கருமாயி அதைப் பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம். "நெஞ்சழுத்தத்தைப் பாரு" என்று சொல்லி, கவ்விக் கண்மாயில் எறியப் போனாள். அலகில் பட்டதும் நின்றாள். ஒரு சொரசொரப்பு இல்லை. அப்படி இழைக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று சில்லு செய்தவளுக்குத் தெரியும்.

"எறிஞ்சிட்டியா?" என்றார் வெள்ளக்கண்ணு.

"கிடக்கட்டும், போ. ஆனா எனக்கும் இல்ல, உனக்கும் இல்ல" என்று திரும்ப நடுவிலேயே வைத்தாள்.

நடு இடத்தை அது பிடித்துக்கொண்டதால் மற்ற பதினெட்டையும் அதைச் சுற்றி நெருக்கி அடுக்க வேண்டியதாயிற்று. கருமாயி முதல் சுண்டு சுண்டினாள். எல்லாம் சிதறி ஓடின. சிவப்பு மட்டும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. ஆட்டம் பாதி போனபோது, வெள்ளக்கண்ணு சுண்டிய கூழாங்கல் சிவப்பில் பட்டு அது நேராகக் குழியில் விழுந்தது.

இரண்டு பேரும் பழக்க தோஷத்தில் காரைப் புதரைத் திரும்பிப் பார்த்தார்கள். புதர் அசையவில்லை.

"இதுக்கு எத்தனை?" என்றார் வெள்ளக்கண்ணு.

"அஞ்சு வச்சுக்க."

"அஞ்சா?"

"அம்புட்டு இழைச்சிருக்கா. அஞ்சு."

வெள்ளக்கண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்பட்டு, "அப்ப எனக்கு அஞ்சு!" என்று கழுத்தை நீட்டினார்.

"இருய்யா, பறக்காதே" என்றாள் கருமாயி. "அது தனியால்ல போயிருக்கு."

"தனியாப் போனா என்ன?"

கருமாயி குழிக்குள் கிடந்த சில்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தனியா விட்டதாலதான்யா இம்புட்டும் ஆச்சு. தெனம் அவ வாயிலயிருந்து கணக்கை வாங்கிட்டுப் போனோமே, ஒரு நா வாடின்னு மரத்துக்குக் கூப்பிட்டோமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத்தான் யாருமே இல்லையேன்னேன். வாய் கூசாம சொன்னேன். இப்பச் சொல்றேன் கேளு. இது போனா, அதுக்குப் பின்னாலயே உன் சில்லு ஒண்ணும் போகணும். போனா அஞ்சு உனக்கு. போகலைன்னா ஒண்ணும் கிடையாது, எடுத்து நடுவுல வை."

வெள்ளக்கண்ணு குறி பார்த்துச் சுண்டினார். வெள்ளைச் சில்லு குழியின் விளிம்பு வரைக்கும் போய் நின்றுவிட்டது. கருமாயியே குழிக்குள் அலகை விட்டுச் சிவப்பை எடுத்து நடுவில் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் செவத்தியை மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று முட்டை போனவளிடம் அதைக் கேட்க எனக்கு என்ன உரிமை? அதற்குப் பிறகும் செவத்தியோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. செவத்தியும் புதரை விட்டு வந்து பாறையில் உட்கார்ந்ததில்லை. சாயங்காலமானால் இலைக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். சிவப்பு விழும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு நின்றுவிடும். பின்னால் ஒன்று வந்து விழுந்தால்தான் மூச்சு விடுவாள்.

துணி துவைக்க வந்தவர்கள் இந்த ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பாறை கேரம் பலகையானது, சில்லு மரக்காயானது, சிவப்புக்கு ரெட் என்று பெயர் வந்தது. அன்று முதல்தான் ரெட் குழியில் விழுந்தவுடன் யாரும் கை தட்டுவதில்லை. அதற்குப் பின்னாலேயே இன்னொரு காய் போகிறதா என்றுதான் நாலு பேரும் குனிந்து பார்க்கிறார்கள்.